15 சதவீதம் 12 ஆனால்: சப்போர்ட் கிளாஸ்கள் எப்படி வலுவிழக்கின்றன

ஓர் ஆன்லைன் விளையாட்டின் பேட்ச் குறிப்புகளில், அதாவது புதிய மாற்றங்களின் பட்டியலில், இப்படி ஒரு வரி வருகிறது என்று வைத்துக்கொள்வோம்: குழுவினரின் தாக்குதலை 15 சதவீதம் கூட்டிய திறன், இனி 12 சதவீதம் மட்டுமே கூட்டும். படிப்பவர்களில் பெரும்பாலோர் அடுத்த வரிக்குப் போய்விடுவார்கள். மூன்று சதவீதம்தானே என்று தோன்றும். ஆனால் அந்த கிளாஸை, அதாவது அந்தக் கதாபாத்திர வகையை, ஆடுபவருக்கு அந்த வரி வயிற்றைக் கலக்கும். சில வாரங்களில் அவரை ரெய்டுக்கு, அதாவது பலர் சேர்ந்து பெரிய எதிரிகளோடு மோதும் ஆட்டத்துக்கு, கூப்பிடுவது குறையும். அப்புறம் அவரே வேறொரு கதாபாத்திரத்தை முதலிலிருந்து வளர்க்க ஆரம்பிப்பார்.

அவர் மிகைப்படுத்துகிறார் என்று மற்றவர்கள் நினைப்பதுண்டு. பல வருடங்கள் சப்போர்ட், அதாவது மற்றவர்களை வலுப்படுத்தும் பங்கு, மட்டுமே ஆடியவன் என்ற முறையில் சொல்கிறேன், அந்தப் பயத்துக்குப் பின்னால் நேரான கணக்கு இருக்கிறது.

ஐந்து பேர் கொண்ட குழுவை எடுத்துக்கொள்வோம். நால்வர் அடிப்பவர்கள், ஆளுக்கு 100 டேமேஜ் தருகிறார்கள். ஐந்தாவது இடத்துக்கு ஒரு சப்போர்ட் வருகிறார். அவர் தானாக அடிப்பது 40. மற்ற நால்வரின் 400ஐ 15 சதவீதம் உயர்த்துவதால் கூடுதலாக 60 வருகிறது. ஆக அவரது மதிப்பு 100. அந்த இடத்தில் இன்னொரு அடிப்பவரைப் போட்டாலும் 100தான். சரிசமம், யாரைக் கூட்டிப் போனாலும் நஷ்டமில்லை. இப்போது 15ஐ 12 ஆக்குங்கள். கூடுதலாக வருவது 48. சொந்த 40ஐச் சேர்த்தால் 88. பேட்ச் குறிப்பில் மூன்றாகத் தெரிந்தது, ஆளின் மதிப்பில் பன்னிரண்டாக இறங்கியிருக்கிறது.

இதே 12 சதவீத இறக்கம் ஒரு அடிக்கும் கிளாஸுக்கு வந்தால் என்ன ஆகும்? அதுவும் வலிக்கும். ஆனால் குழுவில் அடிப்பவர்களுக்கு இடங்கள் பல. ஆடுபவர் திறமைசாலியாக இருந்தால் அந்த இடைவெளியைக் கைவேகத்திலேயே ஈடுகட்டிவிடலாம். சப்போர்ட்டுக்கு இருப்பது ஒரே இடம். அந்த இடத்துக்குப் போட்டியிடுவது இன்னொரு சப்போர்ட் மட்டுமல்ல, விளையாட்டில் உள்ள அத்தனை அடிக்கும் கிளாஸ்களும்தான். குழுத் தலைவர் அந்த இடத்தைப் பற்றி எடுப்பது வேண்டும் அல்லது வேண்டாம் என்ற முடிவு. பாதி வேண்டும் என்று யாரும் அழைப்பதில்லை. அதனால் சப்போர்ட்டின் வீழ்ச்சி சரிவாக இருக்காது, படி தவறி விழுவது போல இருக்கும். 100க்கு மேல் இருக்கும்வரை இல்லாமல் முடியாது. கொஞ்சம் கீழே போனால் ஆளே தேவையில்லை.

இந்தக் கணக்கில் இன்னொரு சிக்கல் உண்டு. அதே 15 சதவீதத்தைப் பத்துப் பேர் குழுவில் வைத்துப் பாருங்கள். அடிப்பவர்கள் ஒன்பது பேர். கூடுதலாக 135, சொந்த 40, மொத்தம் 175. இவரைவிட்டு யாரும் ரெய்டு போக மாட்டார்கள். வடிவமைப்பாளர்கள் இதைப் பார்த்துவிட்டுக் குறைக்கிறார்கள். பத்துப் பேர் குழுவில் இவர் 100க்கு வர வேண்டும் என்றால் பஃப், அதாவது அவர் மற்றவர்களுக்குக் கூட்டித் தரும் வலு, 6.7 சதவீதம் அளவில் இருக்க வேண்டும். அந்த 6.7ஐத் திரும்ப ஐந்து பேர் குழுவுக்குக் கொண்டுவந்தால் அவர் மதிப்பு 67. பெரிய ரெய்டுக்காகச் சரிசெய்த எண், ஐந்து பேர் ஆடும் சிறிய டஞ்சனில் அதே ஆளைப் பாரமாக்கிவிடுகிறது. பஃப் எத்தனை பேருக்குப் போய்ச் சேரலாம் என்று பல விளையாட்டுகள் வரம்பு வைப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம். கில்ட் வார்ஸ் 2இல் பெரும்பாலான பூன்கள் (அங்கே பஃப்களுக்கு அந்தப் பெயர்) ஒரே நேரத்தில் ஐந்து பேருக்குத்தான் விழும். அந்த வரம்பு கஞ்சத்தனமாகத் தெரிந்தாலும், சப்போர்ட்டுக்கு அதுதான் பாதுகாப்பு. வரம்பு இருப்பதால் பத்துப் பேர் ரெய்டில் இரண்டு சப்போர்ட்டுக்கு இடம் கிடைக்கிறது.

பஃப் பெருக, ஆள் தேவை குறைந்தது

பஃப் வலுவானால் சப்போர்ட்டுக்கு நல்லது என்று நினைப்போம். எப்போதும் அப்படியில்லை என்பதற்கு வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்டின் பிளட்லஸ்ட் நல்ல சாட்சி. ஷாமன் கிளாஸின் திறன் அது. விளையாட்டின் இரு அணிகளில் ஒன்றான அலையன்ஸ் பக்கம் அதற்குப் பெயர் ஹீரோயிசம். 40 விநாடிகளுக்கு எல்லோருடைய தாக்கும் வேகமும் மந்திர வேகமும் 30 சதவீதம் ஏறும். 2007 ஜனவரியில் வந்த பர்னிங் குரூசேட் என்ற எக்ஸ்பான்ஷன் (விளையாட்டின் பெரிய விரிவாக்கம்) காலத்தில் அது ஷாமன் இருக்கும் ஐந்து பேர் குழுவுக்கு மட்டுமே வேலை செய்தது. 25 பேர் ரெய்டு என்றால் ஐந்து குழுக்கள். முழு ரெய்டுக்கும் வேகம் வேண்டும் என்றால் குழுவுக்கு ஒரு ஷாமன் வேண்டும். அவர்கள் நட்டு வைக்கும் டோட்டம்களின் பஃப்பும் அப்படியே, சொந்தக் குழுவுக்கு மட்டும். தீவிரமான ரெய்டு கில்டுகள், அதாவது ஆட்டக்காரர் சங்கங்கள், ஷாமன்களைத் தேடி அலைந்த காலம் அது.

2008 நவம்பரில் அடுத்த எக்ஸ்பான்ஷனான ராத் ஆஃப் தி லிச் கிங் வந்தது. பிளட்லஸ்ட் முழு ரெய்டுக்கும் பரவியது. கூடவே, ஒருமுறை அந்த வேகத்தைப் பெற்றவர்களுக்குக் கொஞ்ச நேரம் இன்னொரு பிளட்லஸ்ட் ஒட்டாது என்ற விதியும் சேர்ந்தது. திறன் ஐந்து மடங்கு பேருக்குப் போகிறது. காகிதத்தில் பார்த்தால் பெரிய வரம். நடைமுறையில் ரெய்டுக்கு ஒரு ஷாமன் இருந்தால் போதும் என்று ஆனது. இரண்டாவது ஷாமன் தன் ஹீலிங்கையோ அடியையோ காட்டித்தான் இடம் பிடிக்க வேண்டும். 2010இல் கேட்டக்ளிசம் வந்தபோது மேஜ் கிளாஸுக்கு டைம் வார்ப் என்ற பெயரில் அதே பலன் கொடுக்கப்பட்டது. ஹன்டர் வளர்க்கும் ஒரு வகை விலங்குக்கும் அதைக் கொடுத்தார்கள். அந்த முதல் ஷாமனும் கட்டாயமில்லை என்றாகிவிட்டது. இத்தனைக்கும் அந்த 30 சதவீதத்தில் கை வைக்கவே இல்லை.

இதைச் செய்தவர்களின் பக்க நியாயத்தையும் சொல்ல வேண்டும். ராத் காலத்தில் அவர்கள் முன்வைத்த கொள்கை, கிளாஸைப் பார்த்து ஆள் எடுக்காதீர்கள், ஆடுபவரைப் பார்த்து எடுங்கள் என்பது. அதன்படி ரெய்டு பஃப்களை வகைவகையாகப் பிரித்து, ஒவ்வொரு வகையையும் பல கிளாஸ்களுக்குப் பகிர்ந்தார்கள். வருடக்கணக்காகச் சேர்ந்து ஆடிய நண்பரை, உன் கிளாஸில் பஃப் இல்லை என்று வெளியே உட்கார வைப்பது கொடுமைதான். அந்தக் கொடுமையைப் பார்த்தவர்கள் யாரும் இந்த மாற்றத்தைத் தவறு என்று எளிதாகச் சொல்லிவிட முடியாது. என் வருத்தம் வேறு. பஃப்பைப் பகிர்ந்தவர்கள், பகிர்ந்து கொடுத்தவருக்கு அதற்கு ஈடாக என்ன கிடைக்கும் என்பதை அதே கவனத்தோடு யோசிக்கவில்லை.

அதே காலத்து ஷேடோ பிரீஸ்ட்டின் கதையும் இதுதான். பர்னிங் குரூசேடில் அவர்கள் அடிக்க அடிக்க, குழுவில் உள்ளவர்களுக்கு மானா, அதாவது மந்திரம் போடச் செலவாகும் சக்தி, ஊறும். மானா பேட்டரி என்றே கூப்பிடுவார்கள். தனியாகப் பார்த்தால் டேமேஜ் பட்டியலில் மேலே நிற்கிற கிளாஸ் இல்லை, ஆனால் ஹீலர்கள் இருக்கும் குழுவில் அவரைப் போட்டால் ஹீலர்கள் மூச்சு விடுவார்கள். ராத் வந்ததும் அந்த வேலை ரிப்ளெனிஷ்மென்ட் என்ற பொது பஃப் ஆகி, ரெட்ரிபியூஷன் பாலடின், சர்வைவல் ஹன்டர் போன்றவர்களும் தரக்கூடியதாக மாறியது.

தொடாமலே விழுவது

நேரடியாக எண்ணைக் குறைத்தால் குறைந்தபட்சம் பேட்ச் குறிப்பில் ஒரு வரியாவது இருக்கும். பெரும்பாலான சப்போர்ட் கிளாஸ்கள் விழுவது தங்கள் பெயரே இல்லாத மாற்றங்களால். காரணம் எளிது. அடிப்பவரின் வலு அவருடைய சொந்தத் திறன்களில் இருக்கிறது. சப்போர்ட்டின் வலு மற்றவர்களின் தேவையில் இருக்கிறது. தேவையை எடுத்துவிட்டால் திறனை எடுக்க வேண்டியதில்லை.

1999இல் வந்த எவர்குவெஸ்டை நினைத்துப் பாருங்கள். என்சான்டர் என்ற கிளாஸ் அங்கே அரசன். கூட்டமாக வரும் எதிரிகளில் ஒன்றைத் தவிர மற்றவற்றை மயக்கி நிறுத்துவார், தாக்குபவர்களின் வேகத்தைக் கூட்டுவார், கிளாரிட்டி என்ற மந்திரத்தால் மற்றவர்களின் மானா வேகமாக நிரம்பச் செய்வார். அந்த விளையாட்டில் மந்திரக்காரர்கள் ஒவ்வொரு சண்டைக்குப் பிறகும் உட்கார்ந்து மானா நிரம்பக் காத்திருக்க வேண்டும். அப்படி ஓர் உலகில் கிளாரிட்டியை விலை மதிக்கவே முடியாது. பின்னால் வந்த விளையாட்டுகள் அந்தக் காத்திருப்பு சலிப்பூட்டுகிறது என்று அதைக் குறைத்தன. சரியான முடிவுதான். ஆனால் மானா தருவதே தன் வேலை என்றிருந்த கிளாஸ்களுக்கு அதோடு பிழைப்பும் போனது. கூட்டமாக வரும் எதிரிகளை டேங்க் ஒரே நேரத்தில் தாங்கிக்கொள்ள, மற்றவர்கள் மொத்தமாக அடித்து முடிக்கும் பாணி வந்ததும் மயக்கி நிறுத்துபவருக்கும் வேலை இல்லாமல் போனது. மயக்கத் திறன் அப்படியே இருக்கும். பாஸ் மீது போட்டால் செல்லாது என்று மட்டும் வரும்.

பவர் ஏற்றம் என்பது இன்னொரு அமைதியான எதிரி. ஒரு பஃப் தாக்கும் வலுவை 50 புள்ளி கூட்டுகிறது என்று எழுதியிருக்கும். எல்லோர் வலுவும் 500 ஆக இருக்கும்போது அது 10 சதவீதம். இரண்டு எக்ஸ்பான்ஷன் தாண்டி, புதிய ஆயுதங்களால் எல்லோரும் 5000க்கு வந்துவிட்டால் அது ஒரே ஒரு சதவீதம். யாரும் அந்தத் திறனை நெர்ஃப் செய்யவில்லை, அதாவது வலுவைக் குறைக்கவில்லை. எழுத்தில் இன்னும் 50தான் இருக்கிறது. சதவீதத்தில் எழுதிய பஃப்களுக்கு இந்தக் கதி வராது. அவை அடிப்பவர்களோடு சேர்ந்து வளரும். அதனால்தான் அவற்றின் மேல் கத்தரி அடிக்கடி விழுகிறது.

ஹீலிங்கும் இப்படித்தான் தேய்கிறது. ஒவ்வொரு அடிக்கும் கிளாஸுக்கும் தன்னைத்தானே குணப்படுத்தும் ஒரு திறன், ஒரு கேடயம், தப்பிக்க ஒரு பாய்ச்சல் என்று கொடுத்துக்கொண்டே வந்தால், ஹீலருக்கு மிச்சமிருப்பது எது? ஒரே அடியில் ஆளைக் கொல்லும் பாஸ் தாக்குதல்கள். அவற்றையும் ஹீல் செய்து காப்பாற்ற முடியாது. விலகித்தான் தப்பிக்க வேண்டும்.

ஜன்னல் கணக்கு

திறமையான குழுவுக்கும் சாதாரணக் குழுவுக்கும் இடையில் சப்போர்ட் மாட்டிக்கொள்வது எப்படி என்பதை ஆடுபவர்களே பலர் கவனிப்பதில்லை. இதற்கும் கணக்குத்தான் விடை.

ஒரு பஃப் டேமேஜை 30 சதவீதம் உயர்த்துகிறது. இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை 20 விநாடி நிற்கும். அதாவது நேரத்தில் ஆறில் ஒரு பங்கு. சாதாரணக் குழு தன் அடியைச் சண்டை முழுக்க ஒரே சீராகப் பரப்புகிறது என்றால், இந்த பஃப்பால் வரும் மொத்தக் கூடுதல் 5 சதவீதம். நன்றாகப் பழகிய குழுவோ தன் பெரிய திறன்கள் அத்தனையையும் சேர்த்து வைத்து அந்த 20 விநாடிக்குள் கொட்டும். மொத்த அடியில் 40 சதவீதம் அந்த 20 விநாடி ஜன்னலுக்குள் விழுந்தால், கூடுதல் 12 சதவீதம். ஒரே திறன், ஒரே எண், ஆனால் பலன் இரண்டு மடங்குக்கும் மேல் வித்தியாசம்.

இப்போது உச்சியில் ஆடுபவர்களின் 12ஐப் பார்த்துவிட்டு, 30ஐ 20 ஆக்குகிறார்கள். உச்சிக் குழுவுக்கு 8 மிஞ்சுகிறது, இன்னும் கூட்டிப் போகலாம். சாதாரணக் குழுவுக்கு மிஞ்சுவது மூன்று சொச்சம். அங்கே அந்த கிளாஸ் ஏற்கெனவே பலவீனமாகத்தான் இருந்தது. யாரோ சிலர் கச்சிதமாக ஆடியதற்கான விலையை, அந்தக் கச்சிதத்தைக் கண்ணால்கூடப் பார்க்காதவர்கள் கட்டுகிறார்கள்.

ஃபைனல் ஃபேன்டஸி 14 இந்த ஜன்னலை வெளிப்படையாகவே ஏற்றுக்கொண்ட விளையாட்டு. 2021 டிசம்பரில் வந்த எண்ட்வாக்கர், குழு பஃப்கள் பலவற்றை 120 விநாடிச் சுற்றுக்குக் கொண்டுவந்தது. எல்லோர் பஃப்பும் ஒன்றாக எரியும், எல்லோரும் ஒன்றாக அடிப்பார்கள். நேரம் பார்ப்பது எளிதானது உண்மை. ஆனால் வேறு சுற்றில் ஓடிய சப்போர்ட்டுக்கென்று இருந்த தனி ருசி போய்விட்டது.

அதே விளையாட்டின் அஸ்ட்ராலஜியனைப் பற்றிச் சற்று நின்று பேச ஆசை. 2015இல் ஹெவன்ஸ்வர்டோடு வந்த ஹீலர் அது. கையில் ஆறு கார்டுகள். பேலன்ஸ் வந்தால் டேமேஜ் ஏறும், போல் வந்தால் வாங்கும் அடி குறையும், ஆரோ வேகம் தரும், யூவர் மானா தரும், ஸ்பயர் தாக்குபவர்களின் டிபி என்ற சக்தியை நிரப்பும். எது வரும் என்று தெரியாது. வந்ததை யாருக்கு, எப்போது கொடுப்பது என்பதுதான் ஆட்டம். நடந்தது என்னவென்றால், எல்லோரும் பேலன்ஸுக்காகவே காத்திருந்தார்கள். டேமேஜ் சண்டையைச் சுருக்குகிறது. மற்றவை அப்படித் தெளிவாகக் கண்ணுக்குத் தெரிவதில்லை. ஸ்பயர் வந்தால் ஏமாற்றம்தான். 2019இல் ஷேடோபிரிங்கர்ஸ் டிபி என்ற சக்தியையே விளையாட்டிலிருந்து எடுத்துவிட்டது. ஆறு கார்டுகளும் டேமேஜை மட்டுமே கூட்டும்படி மாற்றப்பட்டன. யார் கையில் போனால் முழுப் பலன் என்பதில் மட்டும் வித்தியாசம். 2024இல் டான்ட்ரெயில் வந்தபோது கார்டு எடுப்பதில் இருந்த அதிர்ஷ்டமும் போனது. எந்தக் கார்டுகள் வரும் என்பது முன்பே தெரியும்.

வலு என்று பார்த்தால் அஸ்ட்ராலஜியன் குறையவில்லை, பல சமயம் ஹீலர்களில் முன்வரிசையில்தான் இருந்தது. ஆனாலும் இதை நான் வலுவிழப்பு என்றே சொல்வேன். முன்பு ஒரு போல் கார்டைச் சரியான நொடியில் டேங்குக்குக் கொடுத்து அவரைக் காப்பாற்றிய ஹீலருக்கு அது தன் முடிவு என்று தெரியும். எல்லாக் கார்டும் டேமேஜாக இருந்த காலத்தில் எடுக்க வேண்டியிருந்த முடிவு, அடிப்பவர்களில் யார் கிட்டே நின்று அடிக்கிறார், யார் தூரத்திலிருந்து என்று பார்ப்பது மட்டும்தான்.

கில்ட் வார்ஸ் 2 வேறொரு வழியில் அதே இடத்துக்கு வந்தது. டேங்க், ஹீலர் பிரிவே வேண்டாம் என்ற எண்ணத்தோடு 2012இல் தொடங்கிய விளையாட்டு அது. 2015 அக்டோபரில் ஹார்ட் ஆஃப் தோர்ன்ஸ் எக்ஸ்பான்ஷனோடு க்ரோனோமேன்சர் என்ற சப்போர்ட் வந்தார், அடுத்த மாதம் ரெய்டுகள் வந்தன. திறன்கள் வேகமாகத் திரும்பி வரச் செய்யும் அலாக்ரிட்டி அவர் கையில் மட்டும் இருந்தது. 66 சதவீதத்தில் தொடங்கிய அது சில மாதங்களில் பாதியாக வெட்டப்பட்டது. அப்படியும் அவரை யாரும் விடவில்லை, ஏனென்றால் வேறு யாரிடமும் அது இல்லை. 2017இல் பாத் ஆஃப் ஃபயர் வந்த பிறகுதான் நிலைமை மாறியது: ரெனிகேட் என்ற கிளாஸ் அலாக்ரிட்டியையும், ஃபயர்பிராண்ட் என்ற கிளாஸ் வேகத்தைக் கூட்டும் குவிக்னெஸையும் தரலாம் என்று ஆனதும் க்ரோனோவின் தனியுரிமை முடிந்தது. ஒரு திறனைப் பாதியாக வெட்டியும் அசையாத கிளாஸ், அதே திறன் இன்னொருவர் கைக்குப் போனதும் அசைந்தது.

பட்டியலில் பெயர் எங்கே

இத்தனை வருடங்களாக இந்த விவாதம் ஒழுங்காக நடக்காததற்கு ஒரு காரணம், அளக்கும் கருவி. டேமேஜ் மீட்டரில் ஒவ்வொருவர் பெயருக்கு எதிரிலும் ஓர் எண். சப்போர்ட்டால் வந்த 60, மற்ற நால்வரின் பெயருக்குக் கீழே பதினைந்து பதினைந்தாகப் பிரிந்து கிடக்கும். சப்போர்ட்டின் பெயருக்கு எதிரில் 40. அந்த 40ஐப் பார்த்துக் குழுவிலிருந்து நீக்கப்பட்டவர்கள் எத்தனை பேர் என்று யாராலும் எண்ண முடியாது. நெர்ஃப் வந்தாலும் அப்படித்தான். சப்போர்ட்டின் எண் 40லேயே நிற்கும். குறைவது நண்பர்களின் எண். நான் பலவீனமாகிவிட்டேன் என்று அவர் சொன்னால் ஆதாரம் காட்ட அவரிடம் எதுவும் இருக்காது.

2023 ஜூலையில் வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் ஆக்மென்டேஷன் எவோக்கரைக் கொண்டுவந்தது. மற்றவர்களின் அடியைப் பெருக்குவதையே முழுநேர வேலையாகக் கொண்டு அங்கே உருவான முதல் பிரிவு அது. அதற்காகவே சண்டைப் பதிவில் மாற்றம் செய்து, இந்த டேமேஜில் இவ்வளவு எவோக்கரால் வந்தது என்று பிரித்துக் காட்டும் வசதியைச் சேர்த்தார்கள். பெரிய முன்னேற்றம், மனதாரச் சொல்கிறேன். அதன் மறுபக்கமும் உடனே தெரிந்தது. கடினம் ஏறிக்கொண்டே போகும் மிதிக் பிளஸ் டஞ்சன்களின் உச்சியில் எங்கு பார்த்தாலும் ஆக்மென்டேஷன். சிறந்த ஆட்டக்காரர்களின் சிறந்த விநாடிகளைப் பெருக்குகிற கிளாஸ், உச்சிக்குப் போகப் போக வலுவாகத்தானே ஆகும். நெர்ஃப்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. நடுமட்டத்தில் அதை விரும்பி ஆடியவர்களுக்கு முதல் வாரத்திலிருந்தே அந்த உச்சி அனுபவம் கிடைத்ததில்லை. நெர்ஃப் மட்டும் எல்லோருக்கும் கிடைத்தது.

இதன் விலையை மற்றவர்களும் கொடுக்கிறார்கள், வரிசையில் காத்திருக்கும் நேரமாக. சப்போர்ட்டும் டேங்கும் குறையும்போது அடிப்பவர்களின் காத்திருப்பு நீளும். 2011இல் வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட், தட்டுப்பாடான பங்கில் வருபவர்களுக்குத் தனிப் பரிசுப் பை கொடுக்கும் திட்டத்தைக் கொண்டுவந்தது. ஃபைனல் ஃபேன்டஸி 14இலும் குறையும் பங்குக்குக் கூடுதல் பரிசு உண்டு. பரிசுப் பை ஆளைக் கொஞ்ச நாள் இழுத்து வரும். அந்தப் பங்கை ஏற்கெனவே நேசித்து ஆடிக்கொண்டிருந்தவர் ஏன் போனார் என்ற கேள்விக்கு அதில் பதில் இல்லை.

ஈடுகட்ட வழக்கமாகச் செய்வது, பஃப்பைக் குறைத்துவிட்டு சொந்த டேமேஜைக் கூட்டுவது. 40ஐ 52 ஆக்கினால் கணக்கு மறுபடி 100க்கு வந்துவிடும். தனியாகக் குவெஸ்ட் செய்யும்போது இது உண்மையிலேயே உதவும். சப்போர்ட் தனியாக ஆடுவதன் வேதனை தெரிந்தவர்கள் நன்றி சொல்வார்கள். ஆனால் இரண்டு மூன்று பேட்ச் இதே வழியில் போனால் 52 என்பது 70 ஆகும், 84 ஆகும். பஃப் நான்கு சதவீதத்துக்கு வந்து நிற்கும். கூட்டிப் பாருங்கள், 84உம் பஃப்பால் வரும் 16உம் சேர்ந்து 100, கணக்கு சரியாகவே வரும். அந்த இடத்தில் இப்போது இருப்பவர் கொஞ்சம் பஃப் தெரிந்த ஓர் அடிப்பவர். மற்ற நால்வரும் எப்போது பெரிய திறனை எடுக்கப் போகிறார்கள் என்று அவர்களின் திரையைப் பார்த்துக்கொண்டே இருந்த ஆள், இப்போது தன் பட்டன்களை மட்டும் பார்க்கிறார்.